மிக்ஸருக்குப் பின்னாடி ஒரு சதுர ஓட்டை: திருவிழா மேடைச் சத்தம் லேப்டாப்புக்குள் போவது எப்படி?

யூடியூபில் ‘வள்ளி திருமணம் நாடகம்’ என்று டைப் செய்து பாருங்கள். வீடியோக்கள் கொட்டும். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களாக வந்துகொண்டே இருக்கும். படம் பளிச்சென்று இருக்கும். ஜிகினா உடையின் ஒவ்வொரு மினுக்கும் தெரியும். ஆனால் சத்தம்? ஹார்மோனியம் கிணத்துக்குள்ள இருந்து கேட்கும். மிருதங்கம் தகர டப்பா மாதிரி. பபூன் ஒரு ஜோக் சொல்வார், கூட்டம் சிரித்ததா இல்லையா என்றே தெரியாது. சில வீடியோக்கள் இன்னும் மோசம். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் மெல்லிய இரைச்சல் மட்டும் வரும், ஹெட்ஃபோனை மாட்டினால் திடீர்னு பாட்டு முளைக்கும்.

கேமராவில் தப்பில்லை, மைக்கிலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் போகும் ஒரு வயரில்தான் விஷயம் இருக்கிறது.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமி. நிலம் கைவிட்டால் தறி, அதுவும் இல்லையென்றால் வெளியூர் வேலை. பங்குனி, சித்திரையில் பொங்கல், கொடை என்று வந்தால் லீவு கிடைத்தவர்கள் ஊருக்கு வருவார்கள். கிடைக்காதவர்கள் ஃபோனில் லைவ் பார்ப்பார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலர் இரண்டாவது ரகம்தான் என்று நினைக்கிறேன். திருப்பூர் லாட்ஜிலோ, சோழிங்கநல்லூர் பிஜியிலோ, துபாய் ரூமிலோ உட்கார்ந்து சொந்த ஊர் மேடையை ஆறு இன்ச் ஸ்கிரீனில் பார்ப்பவர்கள். உங்களுக்கு ஊர் என்பது அன்றைக்கு முழுக்க முழுக்க அந்த ஆடியோதான். கரிசல் மண் வாசம் லைவில் வராது, பாட்டு வரும். அதையும் வயரில் தொலைத்துவிட்டால் எப்படி?

ஒரு நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரி செய்யத் தேவையான பொருள் பெரும்பாலும் மேடைக்கு எதிரே ஏற்கெனவே இருக்கிறது. டிஜிட்டல் மிக்ஸர் இன்றைக்கு பெரிய நகரத்துச் சமாச்சாரம் இல்லை. 2012-இல் பெஹ்ரிங்கர் கம்பெனி எக்ஸ்32 என்ற மிக்ஸரைக் கொண்டுவந்தபோது, அதுவரை பெரிய ஆடிட்டோரியங்களில் மட்டும் பார்த்த வசதிகள் சின்ன சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கின. மிடாஸ், யமஹா, ஆலன் அண்ட் ஹீத், சவுண்ட்கிராஃப்ட் என்று வரிசையாக மற்ற கம்பெனிகளும் அந்தச் சந்தையில் இருக்கின்றன. ‘மைக்செட்’ என்று நாம் இன்னும் சொல்கிறோம். ஆனால் அந்த செட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு கம்ப்யூட்டர்.

மிக்ஸரே ஒரு கம்ப்யூட்டர் என்றால், லேப்டாப் எதற்கு?

மைக்கில் பேசினால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். டிஜிட்டல் மிக்ஸர் அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. அதன்பிறகு உள்ளே நடப்பது எல்லாமே கணக்குதான். சத்தத்தைக் கூட்டுவது பெருக்கல், இரண்டு மைக்கைச் சேர்ப்பது கூட்டல், எக்கோ போடுவது கொஞ்சம் சிக்கலான கூட்டல் பெருக்கல். முடிவில் அந்த எண்களை மறுபடி மின்னழுத்தமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது.

லேப்டாப்புக்கும் தேவை எண்கள்தான். ஆனால் வழக்கமாக என்ன நடக்கிறது? மிக்ஸரின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை இழுத்து லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் சொருகுவார்கள். அதாவது எண்ணை மின்னழுத்தமாக்கி, அதை ஒரு மலிவு ஓட்டை வழியாக அனுப்பி, அங்கே மறுபடி எண்ணாக்குவது. டைப் செய்த லெட்டரை பிரிண்ட் எடுத்து, அதை ஃபோட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கதை.

அதிலும் அந்த 3.5 ஓட்டை லேப்டாப்பில் ஹெட்செட் மைக்குக்காக வைத்தது. அது எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். மிக்ஸரின் மெயின் அவுட் அனுப்பும் தொழில்முறை அளவோ சுமார் 1.23 வோல்ட். குழந்தை கையில் ஃபயர் இன்ஜின் ஹோஸைக் கொடுத்த மாதிரி. உடைந்து, கரகரத்து வரும் சத்தத்துக்கு முதல் காரணம் இது. தவிர, பெரும்பாலான லேப்டாப்பில் அந்த மைக் உள்ளீடு ஒற்றைச் சேனல். மேடையில் பன்னிரண்டு மைக் இருந்தாலும் கடைசியில் ஒரே பிசைந்த சாதம்தான்.

யுஎஸ்பி வயர் போட்டால் இந்த மொத்தச் சுற்றும் மிச்சம். மிக்ஸருக்குள் இருக்கும் எண்கள் எண்களாகவே லேப்டாப்புக்குப் போகும். அதைவிட முக்கியமானது, தனித்தனியாகப் போகும். ராஜபார்ட் மைக் ஒரு ட்ராக், ஹார்மோனியம் ஒரு ட்ராக், மிருதங்கம் ஒரு ட்ராக். இதைத்தான் மல்டிட்ராக் என்கிறார்கள்.

நாடகத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

தென் மாவட்டங்களில் நடக்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’ உலகத்தில் கொஞ்சம் விசித்திரமான கலை. அதற்கென்று நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் காமிக், ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் புக் செய்வார்கள். ஒத்திகை இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து அன்றைக்கு ராத்திரி மேடையில் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன நாடகங்கள் எல்லோருக்கும் பொதுவான பாடம் என்பதால் இது சாத்தியமாகிறது. சூசன் சீஸர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். இந்த ராஜபார்ட்டும் இந்த ஸ்திரீபார்ட்டும் தர்க்கத்தில் மோதிக்கொள்ளும்போது இந்த ஹார்மோனியக்காரர் எடுத்துக்கொடுத்த அடி, அந்த ஒரு ராத்திரிக்கு உரியது. அதே கூட்டணி மறுபடி அமையாமலே போகலாம். அதை ஒரு கரகர ஸ்டீரியோ ஃபைலாக எடுத்து வைத்தால், அவ்வளவுதான். சாம்பாரிலிருந்து புளியைப் பிரிக்க முடியாது. குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் ஏஐ ஆப்கள் இப்போது இருக்கின்றன, ஆனால் உடைந்து பதிவான குரலை அவை எங்கிருந்து கொண்டுவரும்?

தனித்தனி ட்ராக்காக இருந்தால் அடுத்த நாள் காலையில் நிதானமாக உட்கார்ந்து மிக்ஸ் செய்யலாம். ஆல்ரவுண்ட் அடி குரலை அமுக்குகிறதா, குறைக்கலாம். மிருதங்கம் கத்துக்கிற பையனுக்கு மிருதங்கத்தை மட்டும் தனியாகக் கொடுக்கலாம். பத்து வருஷம் கழித்து யாராவது ஒரு ஹார்மோனியக் கலைஞரின் வாசிப்பை மட்டும் கேட்க ஆசைப்பட்டால், அதுவும் இருக்கும்.

காணாமல் போகும் குரலின் மர்மம்

யுஎஸ்பிக்குப் போவதற்கு முன், ஃபோனில் சத்தமே வராத அந்த வீடியோ விவகாரத்தை முடித்துவிடலாம். இதை ஒருதடவை புரிந்துகொண்டால் மறக்காது.

மிக்ஸரின் அவுட்புட் வயரில் பெரும்பாலும் மூன்று கம்பிகள் இருக்கும். ஒன்று எர்த். மற்ற இரண்டிலும் போவது ஒரே சத்தம்தான், ஆனால் ஒன்றில் அப்படியே, இன்னொன்றில் தலைகீழாக. ஒன்றில் பிளஸ் என்றால் மற்றதில் மைனஸ். இதற்கு பேலன்ஸ்டு என்று பெயர். நூறடி வயர் தெருவில் கிடக்கும்போது டியூப்லைட், ஜெனரேட்டர், சீரியல் செட் எல்லாம் அதில் இரைச்சலை ஏற்றும். அந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் இருக்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். இரைச்சல் அடிபட்டுப்போகும், சத்தம் இரட்டிப்பாகும். அருமையான ஏற்பாடு.

பிரச்சினை என்னவென்றால், அந்த மூன்று கம்பி ஜாக் பார்ப்பதற்கு ஹெட்ஃபோனின் ஸ்டீரியோ பின் மாதிரியே இருக்கும். அதில் ஒரு சாதாரண ஸ்டீரியோ வயரைப் போட்டு கேமராவின் மைக் ஓட்டையில் சொருகினால், கேமரா என்ன நினைக்கும்? முதல் கம்பி இடது காது, இரண்டாவது வலது காது. இப்போது இடது காதில் போவதன் தலைகீழ் வலது காதில் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் தலைக்குள் ஏதோ குழி விழுந்த மாதிரி கேட்கும், ஆனாலும் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனோ, சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரோ இரண்டையும் கூட்டும். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. விடை பூஜ்யம்.

லைவ் எடுப்பவர் ஹெட்ஃபோனில் கேட்டு ‘ஆடியோ ஓகே’ என்று கட்டை விரலைக் காட்டியிருப்பார். ஊரில் பாட்டி ஃபோனில் பார்ப்பார், மேடையில் வாய் அசையும், சத்தம் வராது. அதனால் வயர் எதுவாக இருந்தாலும், லைவ் போகும் முன் ஒருதடவை சாதாரண ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்ப்பது நல்லது. வயரில்தான் கோளாறு என்றால் சரியான கம்பி இணைப்புள்ள வயரோ, நடுவில் ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரோ போட்டால் தீரும்.

எந்த ஓட்டையில் எந்த வயர்?

டிஜிட்டல் மிக்ஸரைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டைகள் நிறைய இருக்கும். பாதிக் குழப்பம் இங்கேதான்.

பென்டிரைவ் சொருகும் தட்டையான யுஎஸ்பி ஓட்டை பல மிக்ஸர்களில் முன்பக்கமோ மேலேயோ இருக்கும். எக்ஸ்32-இல் அது ஸ்டீரியோ பதிவுக்கு மட்டும். லேப்டாப்புக்கானது பின்பக்கம் இருக்கும் சதுர ஓட்டை. பழைய பிரிண்டர் வயர் ஞாபகம் இருக்கிறதா, அதே வயர்தான். கம்ப்யூட்டர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யுஎஸ்பி 2.0 வயர் ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் லேப்டாப் மிக்ஸருக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நீளமான வயர் தேடாதீர்கள்.

இந்த ஒரு வயரில் எத்தனை சேனல் போகும் என்பது மாடலைப் பொறுத்தது. எக்ஸ்32-இலும் ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ வரிசையிலும் 32 சேனல் போகும், 32 வரும். யமஹா டிஎஃப் வரிசையில் 34. சின்னப் பெட்டியான எக்ஸ்ஆர்18-இல் 18. நாடக மேடைக்குக் கணக்குப் போட்டால், முன்னால் நிற்கும் மைக் மூன்று, ஹார்மோனியம் ஒன்று, மிருதங்கம் இரண்டு, ஆல்ரவுண்ட் மூன்று, தாளம் ஒன்று, கூட்டத்தைப் பார்த்து இரண்டு. பன்னிரண்டில் முடிந்துவிடும். 18 சேனல் பெட்டியே தாராளம்.

‘இவ்வளவையும் பிரிண்டர் வயர் தாங்குமா’ என்று கேட்டால், தாங்கும். 32 சேனல், ஒவ்வொன்றும் 24 பிட், வினாடிக்கு 48,000 அளவுகள் என்றால் வினாடிக்கு சுமார் 37 மெகாபிட். யுஎஸ்பி 2.0-இன் வேகம் 480 மெகாபிட். பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘யுஎஸ்பி மிக்ஸர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் இந்த வேலையைச் செய்யாது. பஜாரில் கிடைக்கும் பல சின்ன மிக்ஸர்களில் அந்த யுஎஸ்பி வெறும் எம்பி3 பாட்டுப் போடத்தான். இன்னும் சில அனலாக் மிக்ஸர்களில் லேப்டாப்புக்குப் போகும், ஆனால் இரண்டே சேனல். வாங்கும் முன் ‘எத்தனை சேனல் உள்ளே, எத்தனை வெளியே’ என்று கேளுங்க. கடைக்காரர் முழித்தால் மாடல் பெயரை வைத்து மேனுவலைத் தேடிப் பார்த்துவிடலாம்.

இன்னொரு குழப்பம் இன்டர்நெட் வயர் மாதிரியே இருக்கும் ஓட்டைகள். எக்ஸ்32-இன் பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சில இருக்கும். ஒன்று வைஃபை ரவுட்டரை மாட்டி டேப்லெட்டிலிருந்து மிக்ஸரை இயக்குவதற்கு. அதில் ஆடியோ வராது, கன்ட்ரோல் மட்டும். மற்றவற்றில் சில ஏஇஎஸ்50 என்று பெயர் கொண்டவை. மேடையில் இருக்கும் ஸ்டேஜ் பாக்ஸுக்கு ஒரே வயரில் 48 சேனல் அனுப்பும். வயர் ஒன்றுபோல இருந்தாலும் அது கம்ப்யூட்டர் நெட்வொர்க் கிடையாது. அதை லேப்டாப்பில் சொருகினால் ஒன்றுமே நடக்காது. ‘போர்ட் போச்சு’ என்று பயப்பட வேண்டாம்.

நிஜமாகவே நெட்வொர்க் வயரில் ஆடியோ கொண்டுபோகும் தொழில்நுட்பமும் இருக்கிறது. அதன் பெயர் டான்டே. சிட்னியைச் சேர்ந்த ஆடினேட் நிறுவனம் உருவாக்கியது. யமஹாவின் சிஎல், க்யூஎல் வரிசை மிக்ஸர்களில் உள்ளேயே இருக்கிறது. லேப்டாப்பில் அதற்கான சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால், சாதாரண லேன் ஓட்டை வழியாக 64 சேனல் வரை எடுக்கலாம், நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்துகூட. பெரிய அரங்கங்களுக்கு அதுதான் வழி. ஊர்த் திருவிழாவுக்கு அது யானையைக் கட்டி ஏர் உழுகிற வேலை.

லேப்டாப் பக்கம் என்ன செய்யணும்?

மேக் என்றால் பெரும்பாலான மிக்ஸரை மாட்டியதுமே தெரிந்துகொள்ளும். விண்டோஸ் என்றால் மிக்ஸர் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து ஏசியோ டிரைவரை இறக்கிப் போட வேண்டும். இதைத் திருவிழா அன்றைக்கு சாயங்காலம் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் செய்யலாம் என்று இருக்காதீர்கள். பதிவுக்கு ரீப்பர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போதும். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

பஃபர் என்று ஒரு செட்டிங் இருக்கும். குறைவாக வைத்தால் தாமதம் குறையும், லேப்டாப் மூச்சு வாங்கும். நமக்கு வேலை பதிவு மட்டும்தான், லேப்டாப்பிலிருந்து யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. அதனால் 512 அல்லது 1,024 என்று தாராளமாக வைத்துவிடலாம். டிக் டிக் என்று நடுவில் வெட்டு விழாது.

அடுத்தது சாம்பிள் ரேட். மிக்ஸர் 48,000-இல் ஓடினால் லேப்டாப்பும் 48,000. ஒருவேளை 48,000-இல் அளந்த பதிவை 44,100 என்று நினைத்து லேப்டாப் வாசித்தால் எல்லாமே மெதுவாகும், சுருதி இறங்கும். எவ்வளவு? ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம். ஹார்மோனியக் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் வந்து நிற்பார். மேடை நாடகத்தில் ‘எத்தனை கட்டைக்குப் பாடுவார்’ என்பதுதான் ஒரு ராஜபார்ட்டின் மரியாதையே. ஒரு டிராப்டவுன் மெனு அதை அரைக் கட்டைக்கு மேல் இறக்கிவிடும்.

இடம் எவ்வளவு வேணும் என்பதும் கணக்குத்தான். ஒரு சேனல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.52 ஜிபி. பன்னிரண்டு சேனலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 6.2 ஜிபி. இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரமும் ஓடினால் 50 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. ‘விடிய விடிய’ என்பது எல்லா ஊரிலும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்.

பழைய முறையில் பென்டிரைவில் ஸ்டீரியோவாக எடுப்பவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. வழக்கமான வேவ் ஃபைலோ, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவோ, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 24 பிட் ஸ்டீரியோவில் அது நாலு மணி நேரத்துச் சொச்சம். பத்து மணிக்கு ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், ரெண்டு மணி தாண்டியதும், வள்ளியும் வேடனும் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போது, பதிவு நின்றிருக்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த ஃபைலுக்குத் தானாக மாறும் கருவிகளும் இருக்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ட்ராக்கில் கோடு அசையவே இல்லையென்றால்? மிக்ஸரில் ரூட்டிங் பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பிக்கு எதை அனுப்புவது என்பதை அங்கேதான் சொல்ல வேண்டும். மைக்குகளை மிக்ஸரின் முதுகில் மாட்டாமல் ஸ்டேஜ் பாக்ஸில் மாட்டியிருந்தால், யுஎஸ்பிக்கும் ஸ்டேஜ் பாக்ஸைத்தான் கைகாட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கரில் பாட்டு அமர்க்களமாகப் போகும், லேப்டாப்பில் எட்டு மணி நேர மௌனம் பதிவாகும்.

வழக்கமாக இப்படி எடுக்கும் ட்ராக், ஃபேடருக்கு முந்தைய இடத்திலிருந்து வரும். ஆபரேட்டர் ஃபேடரை ஏற்றி இறக்கினால் பதிவு மாறாது. ஆனால் கெயினைத் தொட்டால் மாறும். அதனால் கெயினை ஆரம்பத்திலேயே வைத்துவிட்டு விட்டுவிடுவது உத்தமம். சராசரியாக மைனஸ் 18 டெசிபல் பக்கம் இருந்தால் போதும். பூஜ்யத்தைத் தாண்டினால் டிஜிட்டலில் மன்னிப்பே கிடையாது. ராஜபார்ட் முதல் பாட்டில் மெதுவாக ஆரம்பிப்பார், அதைப் பார்த்து கெயினை ஏற்றி வைத்தால் உச்சத்துக்குப் போகும்போது உடையும்.

ஒரு சின்ன விஷயம், சிரிப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸரை மாட்டியதும் விண்டோஸ் அதையே தன் ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். சிஸ்டம் ஒலிகளை அணைத்துவிட்டு உட்காருங்க.

நேற்றைய நாடகத்தை வைத்து இன்றைய செட்டிங்

யுஎஸ்பி இருவழிப் பாதை. பதிவு செய்த ட்ராக்குகளை லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கே திருப்பி அனுப்பலாம். மிக்ஸருக்கு அது நிஜ மைக் மாதிரியே தெரியும். இதை வர்ச்சுவல் சவுண்ட்செக் என்பார்கள். ஒத்திகையே இல்லாத ஒரு கலைக்கு இது எவ்வளவு பெரிய வசதி! திருவிழாவில் முதல் நாள் எடுத்த பதிவை இரண்டாம் நாள் மத்தியானம் ஓடவிட்டு, கலைஞர்கள் யாரும் வராமலேயே ஸ்பீக்கரைச் சரி பார்க்கலாம். பெண்கள் உட்காரும் பக்கம் குரல் தெளிவாக விழுகிறதா என்று நடந்து போய்க் கேட்கலாம்.

முடிந்ததும் இன்புட்டை யுஎஸ்பியிலிருந்து மைக்குக்கு மாற்ற மறந்தால், ராத்திரி திரை விலகும், எந்த மைக்கும் வேலை செய்யாது. மிக்ஸரில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வைப்பது எந்த டெக்னாலஜியையும்விட நம்பகமானது.

லைவ் என்றால் தனி மிக்ஸ்

நையாண்டி மேளத்துத் தவிலுக்கு மைக்கே தேவையில்லை, ஊர் எல்லை வரை கேட்கும். அதனால் ஆபரேட்டர் அதன் ஃபேடரை இறக்கி வைத்திருப்பார், அது சரியும்கூட. ஆனால் அதே மெயின் மிக்ஸை லைவுக்கு அனுப்பினால், வெளியூரில் பார்ப்பவருக்கு மேளமே கேட்காது. நேரில் கேட்கும் சத்தம் என்பது ஸ்பீக்கரும் மேடையும் கலந்தது. லைவில் ஸ்பீக்கருக்குப் போனது மட்டும்தான் போகும்.

தீர்வு, மிக்ஸரில் லைவுக்கென்று தனியாக ஒரு பஸ் ஒதுக்குவது. அதில் மேளம் கூடுதலாக, குரல் அளவாக. அந்த ஸ்டீரியோ ஜோடியை ஓபிஎஸ் மாதிரி ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேருக்குக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் குறிப்பிட்ட சேனல்களைத் தேர்ந்தெடுக்க ஏசியோ ப்ளகின் தேவைப்படலாம். கேமரா படம் லேப்டாப்புக்கு வந்துசேர ஆடியோவைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும். அதனால் ஆடியோவைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்த ஓபிஎஸ்ஸிலேயே வசதி இருக்கிறது. யாரையாவது மேடையில் ஒருதடவை கைதட்டச் சொல்லி, கையும் சத்தமும் சேருகிறதா என்று பார்த்து வைத்தால் போதும்.

கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் என்று மேலே சொன்னேன் இல்லையா? அதை ஸ்பீக்கருக்கு அனுப்பவே கூடாது, ஊளையிடும். லைவுக்கும் பதிவுக்கும் மட்டும். பல இடங்களில் செலவைக் குறைக்க முதலில் தியாகம் செய்யப்படுவது இந்த இரண்டு மைக்தான். என்னைக் கேட்டால் அதைத்தான் கடைசியில் விடணும். பபூன் ஜோக்கில் பாதி, முன்வரிசைச் சிரிப்பில் இருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் நடுவில் குரல் கொடுப்பார், அதற்கு மேடையிலிருந்து பதில் வரும். அது இல்லாத பதிவு ஸ்டுடியோவில் எடுத்தது மாதிரிதான் இருக்கும்.

கரன்ட், எர்த், தூசி

திருவிழாவில் கரன்ட் லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு வினாடி போதும். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மிக்ஸர் செத்துப் பிழைக்கும். லேப்டாப்பைப் பொறுத்தவரை யுஎஸ்பி கருவி காணாமல் போய்விட்டது, பதிவு நின்றுவிடும். மிக்ஸருக்கும் ஸ்டேஜ் பாக்ஸுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் இந்தத் தலைவலி இல்லை.

அனலாக் வயரில் லேப்டாப்பை இணைத்தால் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வரும், சார்ஜரைக் கழற்றினால் நிற்கும். இரண்டு கருவிகளின் எர்த்தும் வேறு வேறு வழியில் இணைந்து சுற்று போடுவதால் வரும் 50 ஹெர்ட்ஸ் சத்தம் அது. இதற்கு எர்த் பின்னை வெட்டிவிடுவது ஒரு கைவைத்தியமாகவே புழங்குகிறது. செய்யவே செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவர் உயிரோடு விளையாடுகிற வேலை அது. எல்லாவற்றையும் ஒரே பவர் பாயின்டிலிருந்து எடுங்கள், அல்லது ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். யுஎஸ்பி வழியாகப் பதிவு செய்தால் ஒலி எண்களாகவே போவதால் அந்த வயரில் இந்த ம்ம்ம் ஏற வழியில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிக்ஸர் பெட்டியைத் திறந்தால் ஓட்டைகளில் எல்லாம் புழுதி உட்கார்ந்திருக்கும். சதுர ஓட்டைக்கு ரப்பர் மூடி ஒன்று போடுங்கள். வயர் லேசாக ஆடினாலே பதிவு அறுந்துபோகும் என்பதால், வயரை மிக்ஸர் கைப்பிடியில் ஒரு சுற்று சுற்றிக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

அந்த 50 ஜிபி யாருடையது?

பதிவு நன்றாக வந்துவிட்டால்தான் இந்தக் கேள்வியே வரும். கரகர ஃபைலை யாரும் திருட மாட்டார்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, சுத்தமாக இருக்கும் ஒரு பதிவு என்பது விற்கக்கூடிய சரக்கு. வெட்டி ரீல்ஸ் போடலாம், சேனலில் ஏற்றிக் காசு பார்க்கலாம், ரிங்டோன் ஆக்கலாம்.

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 38-ஆம் பிரிவில், நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை கொடுக்கிறது. அவர் சம்மதமில்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வியாபாரம் செய்ய முடியாது. அந்த உரிமை 50 வருஷம் நிற்கும். நிகழ்த்துகிறவர் என்றால் யார் என்று சட்டமே விளக்குகிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனமாடுபவர் தொடங்கி கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை. பபூனும் ஆல்ரவுண்டும் அதில் கட்டாயம் உண்டு. புக் செய்த விழாக் கமிட்டியோ, மிக்ஸர் கொண்டுவந்த சவுண்ட் சர்வீஸோ, கேமரா வைத்த யூடியூப் சேனலோ ‘எங்க செலவுல எடுத்தோம், எங்களோடது’ என்று சொல்லிவிட முடியாது.

தனித்தனியாகப் புக் செய்யப்படும் கலையில் சம்மதமும் தனித்தனியாகத்தான் கேட்கணும். மேக்கப் நடக்கும் நேரத்தில் ஒரு தாளை நீட்டி, பதிவு எங்கே போகும், காசு வந்தால் எப்படிப் பிரிப்போம் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்க ஐந்து நிமிஷம் ஆகாது. அதோடு, காலையில் வேன் ஏறும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பி. அவரவர் ட்ராக்கும் மொத்த மிக்ஸும் போதும் என்றால் சின்ன பென்டிரைவே போதும். மொத்தமும் வேண்டும் என்றால் 64 ஜிபி ஒன்று.

கொடுக்கும் முன் ஃபைல் பெயர்களை மாற்றிவிடுங்கள். சாஃப்ட்வேர் தானாக ‘ட்ராக் 07’ என்றுதான் பெயர் வைக்கும், அடுத்த வருஷம் அது யார் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது. மிக்ஸரில் சேனல் பெயர் அடிக்கும்போதே மைக் நம்பருக்குப் பதில் ஆளின் பெயரையும் வாத்தியத்தையும் அடித்து, ஃபோல்டருக்கு ஊர், தேதி, நாடகத்தின் பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.